பெட்டிக்கு யார் சொன்னது

"ஆமா, அந்த மெரூன் சீல் என்னுதுதான். நான் எப்ப இல்லேன்னு சொன்னேன்?"

தாட்சாயணிக்கு ஒரு காது சூடாயிருச்சு. போனை அடுத்த காதுக்கு மாத்துனா.

"கத்தாத ஜெபராஜு. கத்துனா சுருதி சேந்துருமா?"

அந்தப் பக்கம் ஏதோ நீளமா ஓடுச்சு. இவ பொறுக்கல.

"செட்டைக் கச்சேரிக்கு முந்தின நாளே எடுத்துட்டுப் போயிட்ட. மேல் ஸ்தாயியை ஒரு தரமாச்சும் தொட்டுப் பாத்தியா? மேடையில வயலின்காரர் மூஞ்சியைத் திருப்புனதுக்கு அப்புறம்தான் உனக்குக் காதே முளைச்சிருக்கு."

மறுபடியும் நீளமா ஓடுச்சு.

"குரூப்புல எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. தாட்சாயணி வெச்ச சீல் பொய், அவ நிறத்தைப் புடுங்குங்கன்னு அத்தனை பேர் முன்னாடி எழுதிட்ட. சரி, நானும் சொல்றேன், கேட்டுக்க. கோணல் உன்ற கீபோர்டு. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். அந்தக் கதைதான் உன்ற கதை."

போனை வெச்சா. வெச்சான்னு சொல்றதைவிட மேசை மேல எறிஞ்சான்னு சொல்லலாம்.

பீளமேட்டுல ஒரு டயர்க் கடை. அதுக்கு மேல மாடியில ஒரு பட்டறை. சிந்தசைசர் செய்யற பட்டறை. ஒரே பெட்டியா வர்ற சாதி இல்ல. துண்டு துண்டாச் செஞ்சு, வயர் போட்டு, ஒண்ணோட ஒண்ணைச் சேக்கற சாதி. அதுல ஒரு துண்டுதான் ஆஸிலேட்டர். சத்தம் பொறக்கற எடம் அது.

இதுல கீபோர்டு சத்தம் போடாது. வோல்ட் அனுப்பும், அவ்வளவுதான். ஒரு வோல்ட் கூட வந்தா ஆஸிலேட்டர் சரியா ஒரு ஸ்தாயி ஏறணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படி ஏற வைக்கறதுக்கு உள்ளே ஒரு திருகு இருக்கும். கடுகு மாதிரி.

அந்தத் திருகைச் சரியான எடத்துல நிறுத்துனதும் அது மேல ஒரு சொட்டு நகப்பாலிஷ் வைப்பாங்க. அதுதான் சீல். யார் நிறுத்துனாங்களோ அவங்க நிறம். அதுக்கப்புறம் அடுத்தவங்க கை படக்கூடாது. பட்டறையில எழுதாத சட்டம் அது.

நிறம் சும்மா கிடைக்காது. ஈயம் பத்த வெச்சே விரல் நுனி மரத்துப் போகணும். அப்புறம் ஒரு நாள் வேணி ஒண்ணும் சொல்லாம ஒரு குப்பியைக் கொண்டாந்து முன்னாடி வைப்பா. பொய்ச் சீல் வெச்சதாத் தெரிஞ்சா, குப்பி திரும்ப அலமாரிக்குப் போயிரும். ஆளு திரும்ப ஈயத்துக்குப் போகணும்.

தாட்சாயணிக்கு மெரூன் வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசா ஆகல.

வேணியோட நிறம் பச்சை.

வேணி பட்டறைக்கு மாஸ்டர். வயசுல தாட்சாயணியைவிடச் சின்னவ. அதனால மாஸ்டர் சிஷ்யையை அக்காங்கும். சிஷ்யை மாஸ்டரை மாஸ்டர்ங்கும். பாக்கறவங்களுக்குச் சிரிப்பு வரும். அவங்க ரெண்டு பேருக்கும் வராது.

"கேட்டீங்களா மாஸ்டர்?"

"டயர்க் கடைக்கே கேட்டிருக்கும்க்கா."

"என்ற சீல் பொய்யாமா."

"ம்."

"குரூப்புல நீங்க ஒரு வரி எழுதுங்க. தாட்சாயணி வெச்சது சரின்னு. உங்க வார்த்தைக்கு அப்புறம் ஒருத்தன் வாயைத் தொறக்க மாட்டான்."

வேணி எந்திரிச்சா. தாட்சாயணி முன்னாடி இருந்த மெரூன் குப்பியை எடுத்தா. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியில வெச்சா.

எறங்கி வந்து உக்காந்தா.

தாட்சாயணி குப்பியைப் பாத்தா. வேணியைப் பாத்தா.

"இது என்ன?"

"ஜெபராஜ் கேட்டது இதுதானே."

"அவன் கேட்டாக் குடுத்துருவீங்களா? நாளைக்கு என்ற தலையைக் கேப்பான். அதையும் ஸ்டூல் போட்டு ஏறி மேல வைப்பீங்களா?"

"வயலின் அவனுக்கு மாமனா மச்சானாக்கா? அது எதுக்குப் பொய் சொல்லப் போகுது?"

"அப்ப நான் பொய்யா?"

வேணி மூலையில இருந்த செட்டைக் காட்டுனா.

ஜெபராஜ் காலையிலேயே மொத்த செட்டையும் ஆட்டோவுல ஏத்தித் திருப்பி அனுப்பியிருந்தான். கூடவே அவனோட சொந்தக் கீபோர்டையும். வெளியூர்ல வாங்குனது. நீங்களே பாத்துக்கங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தான்.

வேணி செட்டுல இருந்து ஆஸிலேட்டரைக் கழட்டி மேசையில வெச்சா.

"மறுபடியும் நிறுத்துங்க."

தாட்சாயணி ஃபேனை நிறுத்துனா. காத்துப் பட்டா ஆஸிலேட்டர் குளிரும். குளுந்தா சுருதி நகரும். கரண்ட் குடுத்துட்டு, அது சூடாகி ஒரு நெலைக்கு வரட்டும்னு உக்காந்திருந்தா.

ஆஸிலேட்டர் ஒரு நெலைக்கு வந்துச்சு. அவ வரல.

தன்னோட மெரூனைத் தானே சுரண்டுனா. பல்லைக் கடிச்சுட்டுத்தான் சுரண்டுனா.

மேசை நடுவுல ஒரு இரும்புப் பெட்டி. அதுல ஒரு குமிழ். ஒரு சொடுக்குத் திருப்புனா ஒரு வோல்ட் ஏறும். பட்டறையில எல்லா ஆஸிலேட்டரும் அந்தப் பெட்டி சொல்றதைக் கேட்டுத்தான் நிக்கும். பட்டறை செய்யற கீபோர்டும் அதைக் கேட்டுத்தான் நிக்கும். பெட்டியோட முதுகுல இருக்கற திருகு மேல ஒரு சொட்டுப் பச்சை காஞ்சு கிடந்துச்சு.

கீழ் ஸா. மேல் ஸா.

மேலே சரி பண்ணுனா கீழே நழுவும். கீழே போய்ப் புடிச்சா மேலே நழுவும். ரெண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டற மாதிரி. ஒண்ணைத் துவட்டறதுக்குள்ள இன்னொண்ணு மண்ணுல உக்காந்திருக்கும். பொறுமையாப் போயிப் போயி வந்தா நழுவல் கொறையும். கடைசியில ரெண்டும் அடங்கும்.

அடங்குச்சு.

திருகு பழைய எடத்துலயேதான் நின்னுச்சு.

"பாருங்க. இம்மியும் நகரல."

"ம்."

"இன்னும் என்ன பாக்கணும்?"

வேணி அலமாரியில இருந்த மத்த ஆஸிலேட்டர்களை எடுத்தா. வேற வேற நிறச் சீல். எல்லாத்துக்கும் பெட்டியில இருந்தே வயர் குடுத்தா. குமிழைத் திருப்பித் திருப்பி மேலே ஏத்துனா. அத்தனையும் ஒரே குரல்ல ஏறுச்சு. நடுவுல ஒரு அதிர்வு, ஒரு ஆட்டம், ஒண்ணும் இல்ல.

தாட்சாயணி கையைக் கட்டிட்டு நின்னா. ஜெயிச்சவ நிக்கற நிப்பு.

"எல்லாம் ஒத்துப் போகுது மாஸ்டர்."

"ஒத்துப் போனா?"

"ஒத்துப் போனாச் சரின்னு அர்த்தம். இதுக்குமா வியாக்கியானம்?"

வேணி அடுத்து ஜெபராஜோட கீபோர்டை எடுத்து மாட்டுனா. கீழ் ஸா சரியா நின்னுச்சு. அடுத்த ஸா கொஞ்சம் ஏறி நின்னுச்சு. அதுக்கடுத்தது இன்னும் ஏறி நின்னுச்சு. உச்சிக்குப் போனப்ப, சுவத்துல இருந்த பல்லியே எறங்கி வந்துரும் போல ஒரு அபஸ்வரம்.

"இப்பப் பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். கோணல் அவன்றதுன்னு."

"எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமாவா? பெட்டியில குடுத்தாச் சரியா இருக்கு. இதுல குடுத்தாத் தப்பா இருக்கு. அப்ப இதுதானே தப்பு?"

"ரெண்டும் வேற வேற சொல்லுது. அது மட்டும்தானேக்கா தெரியுது."

"மாஸ்டர், வெளாடாதீங்க. பெட்டி சொல்றது ஒரு பக்கம். எவனோ எங்கயோ வாங்குன கீபோர்டு சொல்றது ஒரு பக்கம். நான் பெட்டியைத்தான் நம்புவேன்."

"பெட்டிக்கு யார் சொன்னது?"

"நீங்க."

அதைச் சொன்னப்ப தாட்சாயணி குரல்ல சண்டையே இல்ல. கிழக்கு எதுன்னு கேட்டாக் கையைக் காட்டற மாதிரிச் சொன்னா.

வேணி இழுப்பறையைத் தொறந்தா. தன்னோட மீட்டரை எடுத்தா. பெட்டியில முனைகளை வெச்சுப் பிடிச்சா.

ஒரு சொடுக்கு. ஒரு வோல்ட்.

இன்னொரு சொடுக்கு. ரெண்டு வோல்ட்.

அப்படியே மேலே வரைக்கும் பிசகில்லாம காட்டுச்சு. திரையோட மூலையில ஒரு பேட்டரிப் படம் மினுக்கிட்டு இருந்துச்சு. அது எப்பவும் மினுக்கறதுதான்.

"போதுமா மாஸ்டர்?" தாட்சாயணி கேட்டா.

"உங்களுக்குப் போதுமா?"

"எனக்குப் போதும்."

வேணி நகப்பாலிஷ் அழிக்கற தண்ணிக் குப்பியை எடுத்தா. ஒரு துண்டுப் பஞ்சு எடுத்தா. சின்னத் திருப்புளியை எடுத்தா. மூணையும் பெட்டிக்குப் பக்கத்துல வரிசையா வெச்சா.

பெட்டியைத் திருப்பி, பச்சை தாட்சாயணி பக்கம் பாக்கற மாதிரி வெச்சா.

"இது எதுக்கு? படையலா?"

வேணி செருப்பை மாட்டுனா.

"டீ வாங்கிட்டு வர்றேன்."

போயிட்டா.

தாட்சாயணி தனியா நின்னா.

பஞ்சை எடுத்தா. வெச்சா. திருப்புளியை எடுத்தா. வெச்சா.

ஊர்ல அவ எதுத்துப் பேசாத ஆளு கிடையாது. கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டோட சண்டை. பஸ்ஸுல கண்டக்டரோட சண்டை. டயர்க் கடைக்காரர் இவ வண்டிச் சத்தம் கேட்டா ஷட்டரைப் பாதி எறக்கிருவாரு. ஆனா இந்த ஒரு சொட்டுப் பச்சை மேல அவ விரல் போகல.

அடுத்தவங்க சீலைத் தொடக்கூடாது. சரி.

ஆனா தொடக்கூடாதுங்கறதுனாலயா விரல் போகல?

மீட்டர் இன்னும் மேசை மேலதான் கிடந்துச்சு. பேட்டரிப் படம் மினுக்கிட்டே இருந்துச்சு.

மினுக்கு. மினுக்கு.

அவ அதையே பாத்தா.

இந்தப் பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி தாட்சாயணி ஒரு பம்ப்செட் கம்பெனியில மோட்டாரை டெஸ்ட் பண்ணிட்டு இருந்தா. அங்க டெஸ்டிங் மீட்டர் ஒவ்வொண்ணுக்கும் முதுகுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். இந்தத் தேதி வரைக்கும்தான் இது சொல்றதை நம்பலாம்னு. ஒரு தடவை தேதி தாண்டிப் போச்சு. அந்த மீட்டரை வெச்சு நான் ஒரு மோட்டாரையும் பாஸ் பண்ண மாட்டேன்னு நின்னா. சூப்பர்வைசர் கனகசபை கெஞ்சுனாரு, மெரட்டுனாரு. இவ அசையல. அந்தச் சண்டையிலதான் வேலையை விட்டுட்டு வந்தா. இன்னிக்கும் யாராச்சும் கேட்டாப் பெருமையா அதைத்தான் சொல்லுவா.

அப்படிப்பட்டவ இங்க வந்து எத்தனையோ தடவை அந்த மினுக்கலைப் பாத்திருக்கா. பேட்டரி எறங்குனா மீட்டர் கூட்டித்தான் காட்டும்.

ஒரு தடவைகூட வாயைத் தொறக்கல.

மாஸ்டர் கையில இருக்கற மீட்டராச்சே.

தாட்சாயணி வண்டிச் சாவியை எடுத்தா.

பம்ப்செட் கம்பெனியில கனகசபை டெஸ்டிங் ரூம் வாசல்லயே நின்னுட்டு இருந்தார். இவளைப் பாத்ததும் கையில இருந்த வெத்தலையை மடிச்சு வெச்சார்.

"வாம்மா. சண்டைக்கா?"

"இல்லீங்ணா. ஒரு மீட்டர் வேணும். சாயங்காலம் திருப்பிக் குடுத்தர்றேன்."

கனகசபை உள்ளே போய் மீட்டரை எடுத்துட்டு வந்தார். கையில குடுக்கல. கவுத்துப் பிடிச்சு முதுகைக் காட்டுனார்.

"மொதல்ல தேதியைப் பாத்துக்க தாயி. அப்புறம் அதுக்கு ஒரு பஞ்சாயத்து வேண்டாம்."

பாத்தா. செல்லும்.

"உங்க பட்டறையில இருக்கறதுக்கு யாரு தேதி போடறாங்க?"

அவர் சும்மாதான் கேட்டார். தாட்சாயணி மீட்டரை வாங்கிப் பையில வெச்சா.

"வர்றேங்ணா."

பட்டறைக்கு வந்தப்ப வேணி டீயைத் தம்ளர்ல ஊத்திட்டு இருந்தா. எங்கே போனீங்கன்னு கேக்கல.

தாட்சாயணி உக்காரல. நின்ன வாக்குலயே புது மீட்டரைப் பெட்டியில வெச்சா.

ஒரு சொடுக்கு.

ஒரு வோல்ட் இல்ல. ஒரு மயிரிழை குறைவு.

இன்னொரு சொடுக்கு. ரெண்டு மயிரிழை.

மேலே போகப் போக மயிரிழை திரிஞ்சு கயிறாயிருச்சு.

ஜெபராஜோட கீபோர்டுல வெச்சா. ஒரு வோல்ட்டுன்னா ஒரு வோல்ட். ரெண்டுன்னா ரெண்டு. கடைசி வரைக்கும் பிசகில்ல.

மீட்டரை மேசையில வெச்சா. இந்தத் தடவை எறியல.

"டீ ஆறுதுக்கா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம்."

"எப்ப இருந்து?"

"வயலின்காரர் மூஞ்சியைத் திருப்புனாருன்னு நீங்க போன்ல கத்துனீங்களே. அப்ப இருந்து. இதுவரைக்கும் வெளிக் கீபோர்டு இங்க வந்ததே இல்ல."

"அப்ப நீங்களே பாத்திருக்கலாமே?"

"எதுல பாக்கறது? என்ற மீட்டர்லயா? பெட்டியை நிறுத்துனதே அதை வெச்சுத்தானே."

தாட்சாயணி வேணி பக்கம் திரும்புனா.

"என்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டி தப்பா இருக்குமோன்னு."

"சொன்னா நம்பியிருப்பீங்க. அளந்து பாத்திருக்க மாட்டீங்க."

வேணி டீயைக் குடிச்சா.

டயர்க் கடையில யாரோ வீல் நட்டைக் கழட்டற சத்தம் மேலே வந்துச்சு.

"அழிங்க," வேணி சொன்னா.

"உங்க சீலு மாஸ்டர்."

"தெரியும்."

தாட்சாயணி பஞ்சை நனைச்சா. பச்சை மேல வெச்சா. கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடிச்சா. ரொம்ப நாள் காஞ்சது. சுலபமா வரல. வந்தப்ப மொத்தமா வந்துச்சு.

திருப்புளியால தொட்டா. மீட்டரைப் பாத்தா. தொட்டா. பாத்தா.

ஒரு வோல்ட்.

மேலே வரைக்கும் ஏத்திப் பாத்தா. நின்னுச்சு.

வேணி ஸ்டூலை இழுத்தா. ஏறுனா. அலமாரியில இருந்த மெரூன் குப்பியை எடுத்துட்டு எறங்குனா. பெட்டிக்குப் பக்கத்துல வெச்சா.

பெட்டிக்கு வேணியைத் தவிர யாரும் சீல் வெச்சதே கிடையாது.

தாட்சாயணி குப்பியைப் பாத்தா. கை நீட்டல.

"அது இருக்கட்டும் மாஸ்டர். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு."

போனை எடுத்தா. ஜெபராஜ் எழுதுன அதே குரூப்புல வீடியோ கால் போட்டா. ஒவ்வொருத்தரா வந்தாங்க. கட்டம் கட்டமா மூஞ்சி நெறஞ்சுச்சு. பாடறவங்க, வாசிக்கறவங்க, பட்டறையில செஞ்சதை வாங்கி வீட்டுல வெச்சிருக்கறவங்க. ஓரத்துக் கட்டத்துல ஜெபராஜ். ஏதோ சொல்ல ஆரம்பிச்சான்.

"இரு. மொதல்ல நான். அப்புறம் நீ எவ்வளவு வேணாக் கத்திக்க."

அவன் வாயை மூடுனான்.

"உன்ற கீபோர்டு கோணல்னு காலையில சொன்னேன். கோணல் இல்ல. அளந்து பாத்துட்டேன். அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன். மத்த வார்த்தைகளை எடுத்துக்கல. அதுக்குத் தனியா வர்றேன்."

யாரோ ஒரு கட்டத்துல சிரிச்சாங்க.

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்னு உன்னைச் சொன்னேன். உனக்கு ஆடத் தெரியும். எனக்கும் ஆடத் தெரியும். தெருதான், எங்க பெட்டிதான் கோணலா இருந்துச்சு. இந்தத் தெருவுல ஆடுன எல்லாரும் கேட்டுக்கங்க. உங்க வீட்டுல இருக்கற ஒவ்வொரு ஆஸிலேட்டரும் திரும்ப இங்க வரணும். கீபோர்டும் வரணும். மெரூன் வெச்சதுக்கு நான் பதில் சொல்லிட்டேன். எதை நம்பி வெச்சேன்னு நான் கேக்கவே இல்ல. அது என்ற தப்பு."

அவ பச்சை ஒட்டுன பஞ்சை எடுத்துக் கேமராவுக்கு நேரா பிடிச்சா. ஈரம் இன்னும் காயல.

அப்படியே போனை வேணி பக்கம் திருப்புனா.

வேணி தம்ளரைக் கீழ வெச்சா.

"எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. அவங்களுக்குக் கேக்கற மாதிரிச் சொல்லுங்க மாஸ்டர். இந்தப் பச்சை யாருது?"